அரைப்பேர்

தலவாக்கலை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
சவாஹிர் நானாவின் கடையில்
போன வாரம் ஒரு சாக்கு அவிழ்ந்தது.
எந்த ஆடைத் தொழிற்சாலை கழித்ததோ
எந்தக் கப்பலில் மீந்ததோ
நானாவுக்கும் தெரியாது.
"கிலோக் கணக்கு இல்ல தங்கச்சி, உருண்டைக் கணக்கு."

மேலே சொக்ஸ் நூல்.
மெலிசு. முறுக்கு இறுக்கம்.
இழுத்துவிட்டால் கோபிக்காமல் திரும்பி வருகிறது.
ஒரே நூலில் சாம்பல், அப்புறம் கருநீலம்,
அப்புறம் யாரோ பிளேன்டீ கொட்டிவிட்ட மாதிரி ஒரு செம்மை.
நீ ஒன்றும் மாற்ற வேண்டாம்,
அதுவே கோடு போட்டுக்கொள்ளும் என்றார்.

அடியில் கிடந்தது மினுக்கு நூல்.
கறுப்புக்குள் வெள்ளிச் சரிகை,
மழை விட்டபின் தார்ரோட்டில்
லொறி வெளிச்சம் ஓடுகிற மாதிரி.
தொட்டேன். சுணைத்தது.
கலியாண வீட்டுக்குப் போகிற நூல்,
எனக்கு எதற்கு என்று வைத்துவிட்டேன்.
பஸ் ஏறும்போது அதுவும் பையில் இருந்தது.
அறுநூற்று ஐம்பது ரூபாய்.
வீட்டில் முந்நூறு என்று சொன்னேன்.

மறுநாள் நிறுவைக் கொட்டிலில்
கணக்கப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிய நேரம்
நேசமலர் இரண்டு உருண்டையையும் தராசில் தொங்கவிட்டாள்.
முள் அசையவில்லை.
"பாத்தியா, நீ வாங்கினது ஒண்ணுமே இல்ல."
காலையிலிருந்து முதுகில் ஏறிய கொழுந்தில்
தண்ணிக்கு, சாக்குக்கு என்று
இரண்டு கிலோ கழித்த அதே முள்.

ஊசி ஐந்து.
உடைந்த குடையின் கம்பிகள்,
பட்டறை பெஞ்சமின் முனை தீட்டித் தந்தது.
நாலில் கண்ணிகள் நிற்கும், ஐந்தாவது நடக்கும்.
பிரட்டுக் களத்தில் நாங்கள் நிற்க
கங்காணி மட்டும் நடப்பதுபோல.

கணுக்கால் வரை கஷ்டம் இல்லை.
குதிகாலில்தான் நூல் யோசிக்கும்.
பாதி வழி போ, திரும்பு.
ஒரு கண்ணி குறைத்துப் போ, திரும்பு.
இறம்பொடை வளைவுகளில் பஸ்
மூக்கை ஆட்டி ஆட்டி இறங்குமே, அப்படி.
மூன்று தரம் அவிழ்த்தேன்.
நாலாம் தரம் வளைவு முடிந்து
பாதம் தெரிந்தது.

ஒரு சொக்ஸ் ஆயிற்று.
இரண்டாவதற்குக் கை வரவில்லை.
எனக்கு இது வழக்கம்.
தகரப் பெட்டிக்குள் ஏற்கெனவே நாலு ஒற்றைகள்:
பச்சை ஒன்று, பாச்சை கடித்தது ஒன்று,
யாருக்கு அளவெடுத்தேன் என்று மறந்துபோன
பெரியது ஒன்று,
அவன் வெளிநாடு போகுமுன் முடித்துவிடலாம் என்று நினைத்தது ஒன்று.

சொன்ன கிலோ வராத நாளில் பாதிச் சம்பளம்.
அதற்கு அரைப்பேர் என்று பெயர்.
நேசமலர் பெட்டியை எட்டிப் பார்த்தாள்.
"எல்லாமே அரைப்பேர்."

சிரித்தேன். ஆனாலும்
அன்று ராத்திரி கரண்ட் போனபின்
மெழுகுதிரியைக் கிட்ட இழுத்து
ஊசிகளை எடுத்துவிட்டேன்.

சொக்ஸ் நூல் குதிகாலோடு முடிந்தது.
உருண்டையைப் பிரித்தால் உள்ளே பாதி அட்டைச் சுருள்.
நானா மேல் கோபப்பட நேரமில்லை.
மினுக்கை முடிச்சுப் போட்டேன்.

விடிகாலை. ரப்பர் சப்பாத்து.
இடது காலில் கோடுகள் ஒழுங்காக.
வலது காலில் கோடு பாதியில் நின்று
ஒரு கலியாண வீடு தொடங்குகிறது.
வெளியே ஒன்றும் தெரியாது.
சுணைக்கிறது, எனக்குத் தெரியும்.

எட்டாம் நம்பர் மலையில் பனி இன்னும் எழும்பவில்லை.
சவர்க்காரம் தேய்த்த விளிம்பைத் தாண்டி
எதுவோ உள்ளே இறங்கிவிட்டது.
கான் ஓரம் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினேன்.

பெருவிரல் பக்கம், வெள்ளிச் சரிகை மேல்,
தலையைத் தூக்கி
இப்படியும் அப்படியும்
இடம் பார்த்துக்கொண்டிருந்தது அட்டை.
ஒரு கண்ணிக்குள்ளும் வாய் நுழையவில்லை.

நேசமலர் உப்புப் பொட்டலத்தைப் பிரித்தாள்.
"கொஞ்சம் இரு" என்றேன்.
"மொதல்ல பாத்தது அதுதான்."